ஏனையவை

ஒலுமடுவுக்குக் கிழக்கே, காட்டுக்குள்
படுத்திருக்கும் மரையின் முதுகுபோல ஒரு கருங்கற்பாறை.
அதன் தாடைக்கடியில் எனக்கு ஒதுக்கிய பாதை:
அகலம் ஒரு மீற்றர்,
நீளம் பாறை முடியுமட்டும்.
சிவப்புத் தடி, இன்னும் பார்க்காதது.
வெள்ளைத் தடி, பார்த்தது.
நடுவில் முழங்காலில் நான்
முகக்கவசத்துக்குள் என் மூச்சையே
திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டு.

கச்சான் வீசுகிறது.
ஒரு பாலைச் சருகு உருண்டு வந்து
தடியைத் தாண்டிப் போகிறது.
அதற்கு அனுமதி வேண்டாம்.

மேல் மண் ஓயாமல் பேசியது.
கருவி கத்தக் கத்தத் தோண்டினேன்:
சன்னக் கோது, பால்மா ரின் மூடி,
செருப்பு வாரின் பூட்டு,
செல் துண்டு, செல் துண்டு, செல் துண்டு.
கிடந்த இடமெல்லாம் தாளில் புள்ளி வைக்கவேண்டும்.
வைத்தேன்.
பின்னேரம் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால்
பாறைச் சுவரோரம்
புள்ளியே விழாத ஒரு நீள்வட்டம்.
துண்டுகள் அந்தப் பக்கம் வராமலில்லை.
சுவர்வரை போகவிடாமல்
எதுவோ இருந்திருக்கிறது.
ரெஜினோல்ட் அண்ணை பார்த்தார்,
கையெழுத்து வைத்தார்,
தண்ணி குடிக்கப் போனார்.

அதற்குக் கீழே கருவி வாயடைத்துப்போனது.
விதி விதிதான், இன்னும் நாலு விரல் ஆழம்.
சுரண்டிக்கொண்டு போகையில்
கையுறையை எதுவோ கிழித்தது.
முதலில் சிவப்புக் கோடு, பிறகுதான் எரிவு.
படிகக்கல் சில்லு, நகத்தளவு,
ஒரு பக்கம் மீன்செதிலாய் மெலிந்து
வெளிச்சத்தை உள்ளே விட்டது.

எத்தனை ஆயிரம் மாரி பழசென்று தெரியாது.
கற்காலம் எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம்,
அந்தப் பக்கம் படிப்பித்த கிழமை
நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில்
இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம்.

பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.
சருகுமானின் கரிந்த கணுவெலும்பு,
நுனி உடைத்து உறிஞ்சிய நத்தை ஓடுகள்,
கறுத்த சாம்பல் மண்.
புகை தெரியக்கூடாதென்று
ஈரச் சாக்குப் போட்டுச் சமைத்தவள் நான்.
இவர்கள் தெரியட்டுமென்றே மூட்டியிருப்பார்கள்,
தேனெடுக்கப் போனவர்களுக்கு வழி தெரிய.

கல்லுக்குப் புள்ளி வைக்கச் சொல்லி
எந்த விதியும் இல்லை.
கை பழகிவிட்டது, வைத்தேன்.
நாற்பத்துமூன்று.
அவையும் சுற்றித்தான் தெறித்திருந்தன,
நடுவில் ஒரு வெறுமை, லாடம்போல.
பாறைக்கு முதுகு கொடுத்து, கால் மடித்து
யாரோ கல் உடைத்த இடம்.
மடி இருந்த இடத்தில் மட்டும்
மண்.

விசில். பத்து நிமிட ஓய்வு.
மற்றவர்கள் வீரை நிழலுக்குப் போனார்கள்.
நான் அந்த வெறுமைக்குள் இருந்து பார்த்தேன்.
கொள்ளவில்லை,
இரண்டு முழங்காலும் சில்லுகளுக்கு மேலே.
சின்ன உடம்பு.

குனிந்து பார்த்தேன்:
முக்கால்வாசியும் பிழையான அடி.
விளிம்பு நொறுங்கியவை,
ஒரே இடத்தில் மூன்று தரம் அடித்தும்
பிரிய மறுத்தவை,
கோபத்தில் அடித்தவை.
சரியாய் வந்த ஒன்று இங்கே இல்லை,
கையோடு போயிருக்கும்,
யாருக்கோ காட்ட.
என்னை வெட்டியது
தவறிப்போன ஒன்று.

இரவு முகாமில்
இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
லைற்றுக்கு நேரே பிடித்தேன்.
இரண்டு வெறுமையும் ஒரே இடம்.
மேலே கிடந்தது பெரிசு.
கீழே கிடந்தது
அதன் மடிக்குள் இருந்தது.

விடியப் படிவம் நிரப்பினேன்.
மிதிவெடி: இல்லை.
வெடிக்காத குண்டு: இல்லை.
உலோகத் துண்டு: நூற்றுப்பதினாறு.
ஏனையவை: கல், நாற்பத்துமூன்று.

அண்ணை பேனையால் வெட்டினார்.
"கல்லையெல்லாம் எழுதினால்
பாறையையும் எழுதவேணும், யோகமலர்."

எழுதினேன்.
பாறை, ஒன்று.
பிறகு போய்ச் சிவப்புத் தடியைப் பிடுங்கி
அரை மீற்றர் தள்ளி நட்டேன்.